வெள்ளைப் பெட்டியில் பதினொன்று

போன வாரம் உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த அன்று, எங்கள் வார்டில் ஜெயித்தவர் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "உங்க ஓட்டு எனக்குத்தான்னு தெரியுமுங்கய்யா" என்றார். "பின்னே, வேற யாருக்குப்பா போடுவேன்" என்றேன். அவர் போனபின் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. அவருக்கு நான் போடவில்லை. அது போகட்டும். அந்தப் பொய் எவ்வளவு சுளுவாக வாயில் வந்துவிட்டது என்பதுதான் என்னைப் பிடித்து அழுத்தியது.

அதே பொய்யை முதன்முதலாகச் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. துடியலூருக்கு வடக்கே எங்கள் ஊர். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பாக்டரியில் பொதி எடைபோடும் வேலை. அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுந்தான் ஓட்டு. அப்பா காலமாகி வீடு என் பேருக்கு வந்திருந்ததால் எனக்கும் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிவேன். மீசையில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பஞ்சாயத்து போர்டு தேர்தலில் எங்கள் வார்டுக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் பாக்டரி முதலாளி. இன்னொருவர் எஸ்தரம்மாள். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு எங்கள் ஊரில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த நர்சம்மா. அவர் ஒரு வீட்டுக்கு வந்துபோனால் கார்பாலிக் சோப்பு வாசனை இரண்டு நாளைக்கு அங்கேயே நிற்கும். இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரியில் அந்த வாசனை அடித்தாலும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன்.

அவர் பதவிக்கு ஆசைப்பட்டு நிற்கவில்லை. பிரசவம் சிக்கலானால் கோயமுத்தூருக்கு வண்டி கட்டிக்கொண்டு ஒன்பது மைல் போகவேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டோரம் பழைய சுங்கச்சாவடிக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதில் இரண்டு கட்டிலும், வாரம் இருமுறை வந்துபோக ஒரு டாக்டரும் வேண்டுமென்று மூன்று முறை மனு எழுதினார். பதில் வரவில்லை. நான்காவது முறை மனு எழுதாமல் தேர்தலில் நின்றுவிட்டார்.

முதலாளி யாரையும் மிரட்டவில்லை. எங்கள் மேனேஜர்தான் எடைமேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அய்யனுது பச்சைப் பெட்டி, அந்தம்மாளுது வெள்ளை. யாரு எதுல போட்டாங்கன்னு அய்யனுக்குத் தெரிஞ்சுபோயிரும் பாத்துக்க. ஓட்டுப் போடற எடத்துத் திரையில ஒரு ஓட்டை இருக்குதாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் அக்கா செல்லாத்தா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஓட்டுப் போடும் நாளில் என் வேட்டியை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "அந்தம்மாளுக்குப் போடு சாமி. மூத்தவனைப் பெத்தப்போ என்ற உசுரை மீட்டுக் குடுத்தது அவங்கதான்" என்றாள். "சரிக்கா" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையை மறைத்துப் பவானி ஜமக்காளத்தைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வாத்தியார் சீட்டைக் கையில் கொடுத்தார். உள்ளே போனேன். ஒரு பெஞ்சின்மேல் பச்சைப் பெட்டி ஒன்று, வெள்ளைப் பெட்டி ஒன்று. முதல் காரியமாக ஓட்டையைத் தேடினேன். ஜமக்காளத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. கூரை ஓடு இடுக்கில்லாமல் இருந்தது. ஓட்டை எங்கேயும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தும் பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஐம்பது வருஷமாக நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

"போட்டியா?" என்றாள் அக்கா.

"போட்டனக்கா."

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் முடிவைப் படித்தார்கள். பச்சைப் பெட்டியில் நூற்று நாற்பத்தாறு. வெள்ளைப் பெட்டியில் பதினொன்று. மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். எஸ்தரம்மாள் முதலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஒரு பிரசவத்துக்குப் போனார்.

அதன் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. ஒவ்வொருவராக வந்து, "நான் உங்களுக்குத்தானுங்க போட்டேன்" என்றார்கள். முப்பது பேராவது இருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் அவர் காப்பி கொடுத்தார். அக்காவுக்கு மருந்து வாங்கப் போன சாக்கில் நானும் போனேன்.

"எல்லாரும் போட்டதாத்தான் சொல்றாங்க தம்பி. பெட்டிக்குள்ள பதினொண்ணுதானே இருந்துச்சு. மிச்சம் எங்க போச்சுன்னு தெரியலை" என்று சிரித்தார்.

பேசாமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். "நானும் உங்களுக்குத்தானுங்க போட்டேன்" என்றேன். அவர் உள்ளே போய் எனக்கும் காப்பி கொண்டுவந்தார். அதைக் குடித்தேன்.

இரண்டு மாதத்தில் அக்காவுக்கு வலி எடுத்தது. காலையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை, எஸ்தரம்மாள் முதுகில் தட்டித்தான் மூச்சு வந்தது. அக்காவுக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. எஸ்தரம்மாள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். பத்து மணிக்கு, "இனி என் கையில இல்லை தம்பி. டாக்டர் வேணும். வண்டியைக் கட்டுங்க" என்றார். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அக்காவை ஏற்றினோம். எஸ்தரம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் மாட்டை முடுக்கினேன். சுங்கச்சாவடியைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பூட்டு வெயிலில் மின்னியது மட்டும் எப்படியோ கண்ணில் பட்டுவிட்டது.

துடியலூர் தாண்டியதும் அக்கா கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அம்மா, என்ற தம்பி உங்களுக்குத்தானுங்க ஓட்டுப் போட்டான்" என்றாள்.

எஸ்தரம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் கண்ணு. நீ பேசாதே" என்றார்.

கவுண்டம்பாளையம் வருவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியைத் திருப்பு என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஊர் வந்து சேரும்வரை அவர் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அடுத்த வருஷம் எஸ்தரம்மாள் ஊரைவிட்டுப் போனார். மதுக்கரையில் சிமெண்டு ஆலை வேலையில் இருந்த தம்பியோடு இருக்கிறார் என்று சொன்னார்கள். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அக்கா மகளுக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை நிச்சயமான பிறகுதான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். தலை முழுக்க நரைத்து, கட்டிலில் சாய்ந்திருந்தார். யார் என்று சொன்னேன். பிறகு ஒரே மூச்சில், "அம்மா, அந்த எலெக்‌ஷன்ல நான் உங்களுக்குப் போடலீங்க. பச்சைப் பெட்டியில போட்டுப்போட்டனுங்க" என்றேன்.

"எந்த எலெக்‌ஷன் தம்பி?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. நான் சொல்லச் சொல்ல மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் தெளிந்து, "அந்தக் கொழந்தை பொழைச்சுதா? பொறந்ததும் அழவே இல்லையே" என்றார்.

"பொழைச்சுதுங்க. அவளுக்குத்தான் கல்யாணம்."

பத்திரிகையை வாங்கி, மஞ்சள் தடவிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. அந்த ஐப்பசியிலேயே காலமாகிவிட்டார் என்று பின்னால்தான் தெரிந்தது. சென்ற வருஷம் மதுக்கரைப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது தேடிப் பார்த்தேன். அவர் தம்பி குடியிருந்த ஆலை வரிசை வீடுகள் ஒன்றுகூட இல்லை. லாரிகள் நின்றுகொண்டிருந்தன. அங்கே ஒரு நர்சம்மா இருந்தாரே என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு அப்புடி யாரும் இல்லீங்களே" என்றார்.