மூன்றாவது வரியில் ஒரு பாசிட்டிவ்

பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளை அங்கே எல்லோரும் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணிக்கையில் ஒரு படுக்கை விரிப்பு குறைந்தாலும் வண்டியை நகர விடமாட்டாள். கோபக்காரி என்று சொல்ல முடியாது. சரியில்லாததைச் சரி என்று சொல்ல அவளுக்கு வராது, அவ்வளவுதான்.

நாற்பத்தாறு வயதில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஈரத்தரையில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த மாணவியர் விடுதியில் காய் நறுக்க ஆள் தேவை, உட்கார்ந்தே செய்கிற வேலை என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டாள். வார்டன் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ரத்தப் பரிசோதனை அறிக்கையை ஆபீசில் கொடுத்துவிட்டு ஒன்றாம் தேதி சேர்ந்துகொள்ளச் சொன்னார். அதை நம்பி சலவைப் பிரிவில் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

விடுதி ஆபீசில் கிளார்க் ஒருவர். அறிக்கையில் விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினவர், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஹெபடைடிஸ் பி இருக்கேம்மா உங்களுக்கு. பாசிட்டிவ்னு போட்டிருக்கு."

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தாள். "மூணு வரி இருக்கு சார். மேல ரெண்டுலயும் நெகட்டிவ்னுதான இருக்கு?"

"மூணுல ஒண்ணு பாசிட்டிவ்னாலும் பாசிட்டிவ்தான். பொண்ணுங்க சாப்பிடற இடம் இது." நகல் எடுத்து, அதில் அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். அதைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

நேராக லேபுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ரிப்போர்ட் குடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுதுக்கா. அர்த்தமெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க."

"நீங்கதான எழுதினீங்க? எழுதினவங்களுக்கு அர்த்தம் தெரியாதா?"

"அடுத்தவங்க வாங்க."

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனால் வியாழக்கிழமை என்றார்கள்.

அதற்குள் வீட்டில் கூத்து தொடங்கிவிட்டது. நாத்தனார் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆனால் இவளுடைய டம்ளரும் தட்டும் ஜன்னலோரம் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. குழந்தைங்க இருக்கற வீடு."

லேத் பட்டறையிலிருந்து வந்த கணவனிடம் சொன்னாள். அவர் கை கழுவிக்கொண்டே, "கொஞ்ச நாளைக்குத்தான, விடு" என்றார்.

"எதுக்குக் கொஞ்ச நாள்? எனக்கு என்னன்னு ஒருத்தராவது படிச்சுச் சொன்னீங்களா?"

அன்று அவள் சாப்பிடவில்லை. ரோஷம் பாதி, பயம் பாதி. எங்கிருந்து வந்திருக்கும்? யாருடைய துணியிலிருந்து? பதினோரு வருஷமாகக் கையுறை இல்லாமல் ஒரு துணியையும் தொட்டதில்லையே என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

ஒன்பதாம் நாள் பொறுக்கமுடியாமல் பழைய மருத்துவமனைக்கே போனாள். அங்கே ஊசி அறையில் இருக்கிற சிஸ்டர் அவளுக்கு நன்றாகப் பழக்கம். அறிக்கையை நீட்டினாள். சிஸ்டர் வாங்கிப் பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுக்கா முகம் இப்படி இருக்கு? முதல் வரி, கிருமி உடம்புல இருக்கான்னு பாக்கறது. இல்லை. ரெண்டாவது, எப்பவாவது வந்துட்டுப் போச்சான்னு பாக்கறது. அதுவும் இல்லை. மூணாவது, எதிர்ப்புச் சக்தி இருக்கா. இருக்கு. பத்து இருந்தாலே போதும், உங்களுக்கு இருநூத்துப் பன்னெண்டு இருக்கு."

"எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான குத்தினேன்? நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ ஆறு மாசத்துல மூணு ஊசி போடல? அந்த ஊசி வேலை செஞ்சிருக்குன்னுதான் இந்த பாசிட்டிவ் சொல்லுது."

"அப்போ தட்டு, டம்ளர்?"

"நிஜமாவே நோய் இருந்தாலும் தட்டு டம்ளர்ல ஒட்டாதுக்கா. ரத்தத்துல பரவும், உடலுறவுல பரவும், தாய்கிட்டேருந்து குழந்தைக்கு வரும். சேர்ந்து சாப்பிட்டா வராது."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது எரிச்சல்தான். ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடியதற்கு ஒன்பது நாள். நோயில்லை என்று அங்கிருந்த டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஜன்னலோரத்து டம்ளரை எடுத்து மற்றவற்றோடு வைத்தாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள்.

விடுதியில் கதை வேறு. வேலைக்கு அதற்குள் வேறொருத்தியைச் சேர்த்துவிட்டார்கள். வார்டன் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். அடுத்த மாதம் ஒரு இடம் காலியாகிறது, அவளுக்குத்தான் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. கோப்பில் இருந்த சிவப்பு வட்டத்தை அடிக்கச் சொன்னபோது கிளார்க் மசியவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"பாசிட்டிவ்னு இருக்கறதை நான் எப்படிம்மா இல்லைன்னு எழுதறது? எங்க எல்லாருக்கும்தான் டெஸ்ட் எடுத்தாங்க. எனக்குப் பாருங்க, மூணு வரியும் நெகட்டிவ்." மேஜை டிராயரிலிருந்து தன் அறிக்கையைப் பெருமையாக எடுத்துக் காட்டினார்.

அவள் வாங்கி, மூன்றாவது வரிவரை நிதானமாகப் படித்தாள்.

"உங்களுக்கு நோயில்லை சார். ஆனா பாதுகாப்பும் இல்லை. நீங்கதான் போய் ஊசி போட்டுக்கணும்."

"கிண்டலா?"

"இல்லை சார். நெஜமாத்தான் சொல்றேன்."

அவர் நம்பவில்லை. அடுத்த மாதம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். கடிதத்தின் நகலைத் தானே கோப்பில் ஊசி குத்தி இணைத்தாள். சமையற்கட்டுக்கு அவர் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஊசி போட்டாச்சா சார்?" என்று கேட்கிறாள். போடலாம், போடலாம் என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விடுகிறார்.