பொய் சொல்லாத ஒரு ஆளைக் காட்டு

போன ஆடியிலிருந்து கார்த்திகை வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் கார் ஓட்டினேன். வண்டி எப்போது, எங்கே நிற்கும் என்று தெரியாது. பக்கத்து சீட்டில் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த என் கணவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் கர்நாடகா லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வரும். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே கியர் மாற்றுவேன்.

கிருத்திகைக்குக் கிருத்திகை நாம் கோயில் மண்டபத்தில் கூடும்போது, முருகன் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சொல்கிறீர்கள். நான் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், வாய் திறந்ததில்லை. என் வேண்டுதலும் பலித்தது. ஆனால் நின்று சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்துவிட்டோம். என் கணவர் முருகேசன் இங்கே ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். பெயர்தான் முருகேசன். கோயிலுக்குக் கூப்பிட்டால் வாசல் வரை வருவார், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். "நீ போய்ட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்பார். நான் உள்ளே விழுந்து விழுந்து கும்பிடுவேன், அவர் வெளியே என் செருப்புக்குக் காவல் இருப்பார். திருநீறு கொண்டுவந்து நீட்டினால், "எனக்கும் சேர்த்து நீயே பூசிக்க" என்று சிரிப்பார்.

சர்க்கரை நோய் முதலில் அவர் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு கண்ணிலும் கை வைத்தது. வேலையை விட்டார். எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் வேலையில் இருந்தபோது ஆசையாக வாங்கிய கார் வாசலில் நின்றது, ஓட்டத்தான் ஆள் இல்லை. இந்த வயதில் நான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். ஆனி மாதம் தைரியம் வந்து, தனியாகவே கிருஷ்ணகிரி வரை ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வாரமே ஒரு நாள், ஒரு வேலையாகப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பியவர் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். இதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவே இல்லை.

ஆடி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியதும் பொட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

வாரண்டி இருந்ததால் ஷோரூமில் விட்டேன். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசி, சோபா, காபி. அந்தப் பக்கம்தான் வேலை நடக்கும், கஸ்டமர் அங்கே போகக் கூடாது. டை கட்டிய அட்வைசர் கையில் டேப்லெட்டோடு வந்தார். நான் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது, மீதிப் பாதி இங்கிலீஷாகி டேப்லெட்டில் ஏறியது. சாயங்காலம் சென்சார் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வண்டியைக் கழுவி, உள்ளே வாசனை அடித்துக் கொடுத்தார்கள். "கம்பெனிலேர்ந்து ஃபோன் வரும் மேடம், பத்துக்குப் பத்து மார்க் போட்டுருங்க" என்றார். போட்டேன். அடுத்த நாளே சிப்காட் பக்கம் வண்டி நின்றது.

மறுபடி போனேன். இந்த முறை பெட்ரோல் பம்ப் என்றார்கள். அதற்கடுத்த முறை பேட்டரி. பிறகு ஒரு நாள், நான் கிளட்சை சரியாக மிதிப்பதில்லை, லேடீஸ் ஓட்டினால் இப்படி ஆவது சகஜம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காபியை அங்கேயே கொட்டியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர்களிடம் ஒரு நிச்சயமான பதில் இருந்தது. அந்த நிச்சயத்தை நம்பித்தான் நான் மறுபடி மறுபடி நோயாளியை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன்.

ஐப்பசியில் ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, டோல்கேட்டுக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் வண்டி செத்துப்போனது. பின்னால் ஒரே ஹாரன். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஒரு மொழி பாக்கியில்லாமல் திட்டு வாங்கினேன். நான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன். என் கணவர் கதவைத் திறந்து இறங்கினார். வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். ஊசி போட்ட இடது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வலது கையாலும் தோளாலும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார். டோலில் வேலை செய்யும் இரண்டு பேர் ஓடிவந்து கை கொடுத்தார்கள். வண்டி ஓரம் சேர்ந்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது தண்ணீர் இல்லை.

"சாமி இல்லேன்னு சொல்ற ஆளைப் பக்கத்துல உக்கார வெச்சிட்டுப் போனா வண்டி எப்படிங்க ஓடும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு, தனம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நம் கோயிலில் நான் அழுதது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். முருகா, அவர் சிறுநீரகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, டாக்டரே கையை விரித்துவிட்டார். அவர் என்னோடு வரும் வரைக்கும் வண்டி வழியில் நிற்கக் கூடாது. பொய் சொல்லாத ஒரு ஆளைக் காட்டு. இவ்வளவுதான் கேட்டேன். குருக்கள் பாதத்தில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை டேஷ்போர்டின் மேல் வைத்தேன். என் கணவர் அதைப் பார்த்தார், வழக்கம்போலக் கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை.

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே எங்களைப் போலக் காத்திருப்பவர்களில் ரத்னம்மா என்று ஒருவர். உத்தனப்பள்ளிக்காரர், தெலுங்கு கலந்து பேசுவார். நான் ஷோரூமைத் திட்டித் தீர்த்ததைக் கேட்டுவிட்டு, அவர்கள் ஊர் தாண்டி ராயக்கோட்டை ரோட்டில் மஞ்சுநாத் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், கொஞ்சம் சிடுமூஞ்சி, ஆனால் ஏமாற்றத் தெரியாது என்றார். சிடுமூஞ்சியானாலும் பரவாயில்லை என்று அடுத்த நாளே போனோம்.

மஞ்சுநாத்துக்கு நாற்பது வயது இருக்கும். தகர ஷெட், இரண்டு டிராக்டர், ஒரு தக்காளி வண்டி. நான் சொன்னது முழுவதையும் கேட்டார். இன்ஜினைத் திறந்து பார்த்தார், ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தார், மூடினார்.

"எனக்குத் தெரியலைங்கம்மா" என்றார்.

எத்தனையோ மாதங்களில் அந்த வார்த்தையை முதன்முறையாகக் கேட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், வண்டி தன் கையில் நிற்காமல் எதையும் கழற்ற மாட்டேன், நிற்கும் வரை ஓட்டிப் பார்க்கலாம், வாருங்கள் என்றார். அவர் ஓட்ட, என் கணவர் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் ஏறினேன்.

ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் வரும் இடத்தில் ஒரு பெரிய வேகத்தடை. வண்டி குதித்த குதியில் டேஷ்போர்டில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு மஞ்சுநாத்தின் காலடியில் விழுந்தது. அவர் உடனே ஓரம் கட்டினார். பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டினால் ஆளையே முடித்துவிடும், இங்கேயெல்லாம் யாரம்மா பழம் வைப்பார்கள் என்று கடிந்துகொண்டே இறங்கினார். பழம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. ரோட்டில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தோடு தலையை உள்ளே விட்டார். பிறகு எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி மண்டியிட்டார்.

"அம்மா, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு சாமித் தகடு கட்டியிருக்குது. அதோட ஓரம் பட்டுப் பட்டு ஒரு வயர் தோல் உரிஞ்சிருக்குது. வண்டி குலுங்கறப்ப தகடு போயி ஒட்டிக்குது, இன்ஜின் நிக்குது. நான் கை வெக்கலாங்களா?"

எங்கள் வீட்டில் யாரும் கட்டவில்லை, வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரர்கள் பூஜை போட்டுக் கட்டியிருப்பார்கள் என்றேன். இறங்கி நானும் குனிந்து பார்த்தேன். கறுத்துப்போன சின்னச் செப்புத் தகடு. ஒரு இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தது. முறுக்கிய கம்பியின் முனை மட்டும் பின்னால் மடக்கி அமுக்கிவிடப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டுத் துணி காயப்போடும் கம்பியிலும் முனை அப்படித்தான் மடங்கியிருக்கும். கேட்டிலும் அப்படித்தான். யார் கையையும் கிழிக்கக் கூடாது என்று என் கணவர் எந்தக் கம்பியைக் கட்டினாலும் முனையை மடக்காமல் விட மாட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பசுமைக்குடிலை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றேன்.

"உன் கால்ல குத்திரக் கூடாதுன்னுதான் மடக்கினேன்" என்றார், திரும்பாமலே. "அங்கிட்டு வயர் போறது கண்ணுக்குத் தெரியல, தனம்."

பிறகு அவரே சொன்னார். "நீ தனியா கிருஷ்ணகிரிக்குப் போன அன்னைக்கு எனக்கு உசுரே இல்ல. எனக்குன்னு சாமிகிட்ட எதுவும் கேட்டதில்லை. உனக்குக் கேட்டா என்னன்னு தோணுச்சு."

ரோட்டிலேயே நின்றேன். அன்று பஸ்ஸில் போய் வந்தவர் நெற்றியில் இருந்ததைக் குழாயடியில் கழுவிவிட்டு உள்ளே வந்ததும், டோல்கேட்டில் நான் சொன்னதும், அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. யாரைச் சாமி இல்லாதவர் என்று சொன்னேனோ, அவர் எனக்காகக் கேட்ட வரம்தான் ஆடி மாதத்திலிருந்து என் காலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

மடக்கிய முனையை நானே நிமிர்த்தித் தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மஞ்சுநாத் வயரில் டேப் சுற்றினார். ஷோரூம்காரர்களுக்கு இது தெரியாமலா போயிற்று என்று கேட்டேன். "யாராவது பாத்திருப்பாங்கம்மா. சாமி சமாச்சாரம், கை வெச்சா கஸ்டமர் சண்டைக்கு வருவாங்கன்னு விட்டிருப்பாங்க" என்றார். இருக்கலாம். சண்டைக்கு வரக்கூடியவள்தான் நான். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத்தான் அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

அதன்பின் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. போகும் வழியெல்லாம், எந்தக் கோயிலில் வாங்கினீர்கள் என்று அவரைக் குடைவேன். சொல்லவே மாட்டார். "சொன்னா அங்கயும் போயி நீ நேர்த்தி வெச்சிருவ. ஒரு சாமியாவது என் கணக்குல இருக்கட்டும்" என்பார். நானும் சிரித்துவிட்டு, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். டோல்கேட்டில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை அந்த வேகத்தடையைத் தாண்டும்போதும் நினைப்பேன். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சை ஏன் எடுக்க வேண்டும் என்று வாய் வராது. அவருக்கு என் மனசு தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

மாசியில் ஒரு விடியற்காலை அவருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் நானே ஏற்றிக்கொண்டு பறந்தேன். அத்தனை வேகத்தடையிலும் வண்டி ஏறி இறங்கியது, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அவர் கை என் தோளில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அவர் பேசவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

அவர் என்னோடு வரும் வரைக்கும் வண்டி நிற்கக் கூடாது என்று கேட்டேன். முருகன் ஒரு எழுத்துப் பிசகாமல் கொடுத்தான். பொய் சொல்லாத ஒரு ஆளைக் கேட்டேன். இரண்டு பேரைக் காட்டினான். ஒருவரை நான் இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்தேன். அதற்கு முருகன் என்ன செய்வான்?

நம்பிக் கேளுங்கள், கிடைக்கும். என்னைவிட இதை யாரும் அழுத்திச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலும் கோயில் வாசலோடு நின்றுவிடும் ஒருவர் இருந்தால், சாமி இல்லாத ஆள் என்று அவருக்குப் பட்டம் கட்டாதீர்கள். கட்டியிருந்தால், இன்றைக்கே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நல்ல நேரம் பார்க்க வேண்டாம்.

தகடு இப்போது என் பூஜை மாடத்தில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்து தமிழ் இல்லை. கன்னடமா தெலுங்கா என்றுகூடத் தேய்மானத்தில் சொல்ல முடியவில்லை என்று குருக்கள் சொல்லிவிட்டார். எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எந்தக் கோயிலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார் என்று இனி எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அதனால் வழியில் எந்தக் கோயிலைப் பார்த்தாலும் வண்டியை ஓரம் கட்டி இறங்கிக் கும்பிடுகிறேன். முருகனுக்கு என் நன்றி. அவர் எனக்காகப் போய் நின்ற அந்தச் சாமி எதுவோ, அதற்கும் என் நன்றி.