செத்தவளைப் பிழைக்க வைத்த சைனா வாத்தியார்

ஆரணியில் பெரியநாயகம் வீடு எது என்று கேட்டால் அவர் தெருக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். சைனா வாத்தியார் என்றால் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவான். போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து, அதுவும் போய், வர்த்தமானன் முதலாளியின் சினிமாக் கொட்டகையில் வந்து ஒதுங்கியவர். இங்கிலீஷ் பேசும் ஹாங்காங் சண்டைப் படம் ஓடும்போது ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டும். அதுதான் வேலை. வகுப்பில் பையன்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனுஷனுக்கு, இருட்டில் முகம் தெரியாத கூட்டத்தைப் பார்த்ததும் பேச்சு மடை திறந்தது. அந்த மைக்கை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எழுபத்தெட்டில் ‘எட்டு விரல்’ வந்தது. இரண்டு விரலை இழந்த ஒருவன் கடத்தல் கும்பலை அடித்து நொறுக்கும் கதை. நடுவில் அந்தக் கும்பல் அவன் தங்கையை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறது. ஆண்கள் பக்கம் கப்சிப். பெண்கள் பக்கத்தில் அம்மணி எழுந்து திரைக்கு முன்னால் ஓடி மார்பில் அடித்துக்கொண்டாள். பட்டு நூல் சுற்றிப் பிழைப்பவள். அவள் மகள் அதற்கு முந்தின வருஷம் செய்யார் பஸ் ஏறிப் போனவள்தான், திரும்பவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

பெரியநாயகத்துக்கு வாய் முந்திக்கொண்டது.

“அழாதீங்கம்மா. அவ சாகலை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறாங்க. ரெண்டாம் பாகத்துல எழுந்து வருவா.”

திரையில் அப்போது போய்க்கொண்டிருந்தது பிண வண்டி.

ரெண்டாம் பாகம் என்று ஒன்று உண்டா என்பதே அவருக்குத் தெரியாது. அன்று முதல் அம்மணி கடைத்தெருவில் எங்கே கண்டாலும் நிறுத்தினாள். “சார், அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சுட்டாளா?” அவரும், “தேறிக்கினு வராம்மா” என்று சொல்லி நழுவுவார். தன் மகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எண்பதில் ரெண்டாம் பாகம் வந்தே விட்டது. முதலாளி ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தறித் தெரு முழுக்க அனுப்பினார்: “உங்கள் அன்புத் தங்கை உயிரோடு திரும்பி வருகிறாள்.”

வெள்ளிக்கிழமை காலை ஆபரேட்டர் குப்புராஜ் முதல் ரீலை ஓட்டிக் காட்டினான். கல்லறைத் தோட்டம். கல்லில் பதித்த தங்கையின் போட்டோ. எட்டு விரல்காரன் ஊதுவத்தி ஏற்றிக் குனிந்து கும்பிடுகிறான்.

“குப்பு, அந்தத் துண்டை வெட்டிடுப்பா.”

“வெட்டலாம் சார். அப்பறம் இவன் படம் பூரா எதுக்கு இப்பிடி அடிச்சிக்கினு திரியறான்னு கேப்பாங்களே, அதுக்கு இன்னா சொல்வீங்க? துண்டு கொறைஞ்சு படப்பொட்டி திரும்பிப் போனா கம்பெனிக்காரன் என் விரலை வெட்டுவான். நானும் எட்டு விரல்தான்.”

பெரியநாயகம் முதலாளியிடம் ஓடினார். வர்த்தமானன் சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர், கொட்டகை நடத்தியும் ஒரு சண்டைப் படத்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்.

“சாவு உங்க வாயால வரவேணாம் வாத்தியாரே. வேற யாரோ சமாதின்னு சொல்லிட்டுப் போங்க. எவன் சைனாவுக்குப் போய்க் கேக்கப் போறான்?”

“போட்டோ இருக்குதே முதலாளி.”

“ரொம்பப் பேஜார் பண்றீங்க. ஜனம் காத்துகினு இருக்கு, ஜல்தியா மேல போங்க.”

மேட்னிக்குத் தறிகள் நின்றன என்றே சொல்ல வேண்டும். ஆபரேட்டர் அறை ஓட்டை வழியே பார்த்தார். முன்வரிசையில் அம்மணி. தலையில் மல்லிகைப்பூ. இத்தனை நாளில் அவள் பூ வைத்து அவர் பார்த்ததில்லை.

கல்லறை வந்தது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

“சார், தூங்கிட்டீங்களா?” என்றது ஒரு குரல். “யாரு சார் அது போட்டோவுல?”

யாரோ ஒருத்தி என்று சொல்ல வாயெடுத்தார். அந்தப் பூ கண்ணில் பட்டது. இன்றைக்கு ஒரு பொய், நாளைக்கு இன்னொன்று. இவள் சாகும்வரை இப்படியே பூ வைத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

“அவதாம்மா. அவ செத்துட்டா. போன பாகத்துலயே செத்துட்டா.”

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன், “வாத்தியாருக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சுடா” என்றான். “டேய், அது டூப்ளிகேட் சமாதிடா. வில்லனை ஏமாத்தக் கட்டினு இருக்கான்” என்றான் இன்னொருவன். கொட்டகையே கைதட்டியது. “நிஜமாத்தான் சொல்றேன்” என்று பெரியநாயகம் கெஞ்சினார். அறைச் சுவரில் முறுக்குப் பொட்டலம் வந்து மோதியது, பின்னாலேயே ஒரு செருப்பு. முதலாளி மூச்சிரைக்க மேலே வந்து மைக் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு கதையை ஜனங்களே சொல்லிக்கொண்டார்கள். கத்தி, ரத்தம், உடையும் கண்ணாடி என்று திரை சிவந்துகொண்டிருக்க, “இதோ கதவைத் திறக்கறான், உள்ளதான் இருப்பா”, “இல்லடா, அந்த லாரியில” என்று ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குரல். எந்தக் கதவிலும் அவள் இல்லை.

விளக்கு போட்டதும் பெரியநாயகம் இறங்கி வந்தார். அம்மணி எழுந்திருக்கவில்லை. திட்டுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பக்கத்தில் போய் நின்றார்.

“அம்மா, நான் சொன்னது நெசம்.”

அவள் அவரைப் பாவமாகப் பார்த்தாள். “உங்களை யாரோ மெரட்டிச் சொல்லச் சொன்னாங்க. குரலே நடுங்கிச்சே சார். போன தடவ நடுங்கவேயில்ல.”

அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பழைய வகுப்பறை போல.

“மூணாவது பாகம் எப்ப வரும்?”

“தெரியாதும்மா.”

“வந்தா சொல்லி அனுப்புங்க” என்றாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். எதிரே செய்யார் பஸ் வந்து நின்றிருந்தது. வழக்கம்போல அவள் அதன் பக்கத்தில் போய், இறங்குகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.