வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு மஞ்சள்

மகள் லண்டனுக்குக் கிளம்பிய அன்று காலை, அவளுடைய புது வெள்ளை ஷூவைக் கெடுத்துவைத்தவன் நான்தான்.

எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் உடுத்துவதில்லை. அது என் மனைவியின் வேலை. அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. திருச்சியில் மாலை விமானம். விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை மூன்று முறை எடை பார்த்தேன். பாஸ்போர்ட் எங்கே என்று நாலாவது முறை கேட்டு, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் மேஜைமேல் அந்த ஷூ கண்ணில் பட்டது. இதற்கு யார் மஞ்சள் வைப்பது? மஞ்சள்தூளைக் குழைத்து, இரண்டின் முனையிலும் பளிச்சென்று வைத்துவிட்டேன்.

"அப்பா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? மொத நாள் ஆபீசுக்குப் போட்டுட்டுப் போக வாங்கினது. பாக்ஸ் ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு!"

"அப்படின்னா?"

"இப்பத்தான் பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி. ஒரு கறை, ஒரு மடிப்பு இருக்கக் கூடாது. அந்த ஊர் பசங்க ஷூவுக்கும் சட்டைக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கை படாமலே இருந்தால் அது கடைக்காரன் பொருள், நம் கை பட்டால்தானே நம்முடையது என்று வாய்வரை வந்தது. ஊருக்குப் போகிற பிள்ளையிடம் சண்டை எதற்கென்று விழுங்கினேன். கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் செக்கச்செவேலென்று ஆயிற்று. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவந்த ஷூவோடு வாசலுக்கு வந்தேன். தன் வாசலில் குறுவை நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் பார்த்துச் சிரித்தார். "மஞ்சளுக்குப் போய் சோப்பு போடுவாங்களா? நல்லா அலசி வெயில்ல வைங்க, தானா போயிடும்."

மாடியில் வைத்தேன். அன்று பார்த்து வானம் மூடி மூடித் திறந்தது. அவர் நெல்லுக்காகவும் நான் ஷூவுக்காகவும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தோம். எத்தனை தடவை படியேறினேனோ, கணக்கில்லை. கோபத்தோடேயே விமானம் ஏறிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அம்மாவும் இல்லாத பிள்ளை, அவளுக்கென்று இங்கே இருப்பது நான் ஒருவன்தான்.

இரண்டு மணிக்குக் கறை ஏறக்குறையப் போய்விட்டது. கீழே கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய் மஞ்சள் டப்பாவோடு வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஷூவின் நாடாவைத் தளர்த்தி, அதற்கடியில் இருந்த துணி நாக்கை மேலே தூக்கிப் பிடித்தாள். "அம்மா எப்பவும் உள்பக்கந்தான் வைப்பாங்க. வெளியில தெரியாது. இங்க வைங்கப்பா."

பொட்டு கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. நாடாவை இழுத்துக் கட்டினாள். வாசலில் கார் வந்து நின்றது.

"இப்பவும் பாக்ஸ் ஃப்ரெஷ்தானா?" என்று கேட்டேன்.

"பாக்கறவங்களுக்கு ஆமாம்ப்பா" என்றாள்.