வேலியோரத்து மூன்றடி

செம்மண்ணில் குழி தோண்டும் கம்பிப்பாரை இறங்கும்போது எழும் அந்த மந்தமான சத்தத்தை இன்று எங்கே கேட்டாலும் நின்று திரும்பிப் பார்ப்பேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அஞ்சுகிராமம் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், பக்கத்து வீட்டு ஞானதாஸ் மாமா துபாயிலிருந்து திரும்பி வந்து, தன் தோட்டத்தில் இரும்புக் குழாய் நட்டுப் பெரிய புடலைப் பந்தல் போட ஆரம்பித்தார். அதன் கடைசிக் காலுக்கான குழி எங்கள் கிளுவை வேலியை ஒட்டி விழுந்தது.

அதற்கு நேராக, வேலிக்கு எங்கள் பக்கத்தில்தான், நான் பிறப்பதற்கு முன்பு பதினோரு நாள் மட்டுமே இருந்து இறந்துபோன என் அண்ணனை அடக்கியிருந்தார்கள். அய்யாவழிக் குடும்பமான எங்களுக்கு இறந்தவர்களை எரிக்கும் வழக்கமில்லை. கல்லோ பெயரோ கிடையாது. அம்மா நட்ட ஒரு செம்பருத்தி மட்டும்.

சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து மாவுக் கையோடு ஓடினாள்.

"அண்ணே, அங்க தோண்டாதிய. எம் பிள்ள கெடக்க இடமாக்கும் அது."

மாமா பாரையைக் கீழே போட்டார். "எனக்குத் தெரியாதே தங்கச்சி" என்றவர், குழியைத் தன் கையாலேயே மூடினார். "நாலடி தள்ளிப் போட்டுக்கிடுதேன். நீ அழாத."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மாலையில் வந்த அப்பா, மூடிய குழியின் தடத்தைப் பார்த்ததும் கொதித்தார். "அவன் தள்ளிப் போட நான் என்ன பிச்சையா கேக்கேன்? எவன் இடம்னு அளந்து பாத்துருவோம்" என்றார். "அவியதான் சம்மதிச்சாச்சுல்லா, விடுங்க" என்று அம்மா கெஞ்சியதைக் காதில் வாங்கவில்லை. வேலியோரம் நின்று அன்று அவர் மாமாவை ஏசிய வார்த்தைகளை என்னால் இங்கே எழுத முடியாது.

சர்வேயர் வந்தார், சங்கிலி பிடித்தார், வரைபடத்தைப் பார்த்தார். வேலி மூன்றடி எங்கள் பக்கமாக வந்திருக்க வேண்டும் என்றார். செம்பருத்தி நின்ற மண் மாமாவுடையது.

 அத்தனை ஏச்சு வாங்கிய மாமா அதன்பின் இளகவில்லை. ஒரு வாரத்தில் அளந்த கோட்டில் மதில் எழுந்தது; செம்பருத்தி அவர் பக்கமாகப் போயிற்று. அம்மா ஒருமுறை அவர் வாசலில் போய் நின்று, "வருசத்துக்கு ஒரு தடவ வந்து வெளக்கு வச்சிட்டுப் போறேன் அண்ணே" என்றாள்.

"ஒம் மாப்பிள்ள வந்து கேக்கட்டும் தங்கச்சி" என்றார் அவர்.

அப்பா கேட்கவில்லை, சாகும்வரை.

மாமாவும் இன்று இல்லை. பிள்ளைகள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் செம்பருத்தியையும் வெட்டிவிட்டு, கார் நிறுத்துவதற்காக அந்த மூலை முழுவதும் சிமெண்ட் போட்டிருக்கிறார். சென்ற மாதம், இனித் தனியாக இருக்க முடியாத அம்மாவை என்னோடு அழைத்துவரப் போயிருந்தேன். புறப்படும் முன் மதிலைத் தடவிக்கொண்டே இரண்டு முறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தவள், "இங்கனயா, அங்கனயா மக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை.