இரும்பு நுழையாத அறை

குகைக்குள் போனபோதெல்லாம் எனக்குப் பயம் வந்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து, படிந்து இறுகிய சேற்றில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளை அழுத்தி மண் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் வடக்கு எதுவென்று அம்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். பயந்தது பெங்களூரில், எங்கள் ஆய்வகத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

சேறு படியும்போது அதிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள், அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்த காலங்கள் உண்டு. அந்த ‘ரிவர்சல்’களைத் தேடுவதுதான் எங்கள் வேலை. அளக்கும் கருவி ஒரு குட்டி அறையில் இருக்கிறது. வெளிக் காந்தம் புகாதபடி சுவரெல்லாம் அடுக்கடுக்காகத் தகடு, ஜன்னல் கிடையாது. செல்போன், சாவி, ஹேர்பின் எல்லாவற்றையும் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

அன்று என்னோடு இருந்தவர் என் சீனியர், இங்கேயே மர்பி டவுனில் வளர்ந்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எதற்கும் சிரிக்கிற ஆள். வெளியே நல்ல மழை. ஒரு பெட்டியை அளந்தபோது திரையில் திசை தெற்கு என்று வந்தது.

"தலைகீழா வெச்சிட்டியா, பாரு."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"அப்போ நெஜமாவே ரிவர்சல்டி!" என்று அக்கா என் தோளில் தட்டினார். கரண்ட் போய்விட்டது.

அப்படியொரு இருட்டை நான் பார்த்ததில்லை. தடவிக்கொண்டே போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினேன். இரும்பு கூடாதென்று போட்ட அலுமினியக் கைப்பிடி, அப்படியே கையோடு வந்துவிட்டது.

"அக்கா, கைப்பிடி கழண்டுடுச்சு."

அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

"எனக்கு மூச்சு முட்டுது. நான் ஏன் ஒரு குகைக்கும் வரலைன்னு நெனச்சே? லிஃப்ட்லகூட ஏற மாட்டேன் நானு."

அவர் எப்போதும் படியேறி வருவது உடம்பைக் குறைக்க என்றுதான் நினைத்திருந்தேன்.

கதவைக் குத்தினேன், கத்தினேன். யாருக்கும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அறையில் காற்றுக்கு வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். வெளியே தட்டில் போன் அடித்தது, மெலிதாக. நின்றது. மறுபடி அடித்தது. திங்கட்கிழமைதான் யாராவது வருவார்கள் என்று நினைத்ததும் மறுபடி கதவைக் குத்தினேன்.

"அவருதான். கேட்ல வண்டியோட நிப்பாரு. நான் பஸ்ல போயிட்டேன்னு நெனச்சுக் கெளம்பிடுவாரு," என்று அக்கா அழுதார்.

அக்காவின் கணவர் கிளம்பவில்லை. வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு மேலே வந்திருந்தார்.

"ஏனாயித்து மேடம்? பாகிலு தெகீரி!" கதவைத் திறக்கச் சொல்லி வாட்ச்மேன் கன்னடத்தில் கத்தினார்.

"தெறக்க வரலைண்ணா! இங்க கைப்பிடி உடைஞ்சிடுச்சு!"

வெளிக் கைப்பிடியும் சும்மா சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் இரும்புக் கம்பி கிரீச்சிட்டது. வேறு நாளாயிருந்தால் அந்தக் கதவருகே கம்பி கொண்டுவந்தவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். "உடைச்சிருங்கண்ணா!" என்று அலறினேன்.

கதவு திறந்ததும் அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்து, கணவரின் நனைந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, சரி, வா, வீட்டுக்குப் போலாம்," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கதவைச் சரிசெய்தபின் அதே படிவிலிருந்து எடுத்த மற்ற பெட்டிகளையும் அளந்தோம். அவையும் தெற்கையே காட்டின. அக்கா இப்போது உள்ளே வருவதில்லை. வெளியே கணினியில் எண்களைப் பார்க்கிறார். நான்தான் பெட்டிகளோடு போகிறேன். "நான் இங்கதான் இருக்கேன், போ," என்று அவர் சொன்ன பிறகே கதவைச் சாத்துகிறேன். அப்படியும் ஒவ்வொரு முறையும் உள்ளே போனதும் கைப்பிடியை ஒருதரம் திருகிப் பார்த்துக்கொள்கிறேன்.