திறப்பதற்கென்றே ஒரு பெட்டி

"கடைசியா எதுக்கு 'சரி'ன்னு அழுத்தினீங்க?"

கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிற எல்லாரிடமும் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதை எழுதுபவரிடமும் ஒருநாள் கேட்டார். அன்று பதில் தெரியவில்லை. யாருக்கும்தான் தெரிவதில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலக்கா, அதுவா வந்துடுச்சு" என்பார்கள். "அதுவா வராது. வாசல்ல நின்னு கூப்பிட்டிருக்கும், நீங்க வாங்கன்னு சொல்லியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, கழற்றிய திருகாணிகளை ஒரு டீத்தட்டில் போட ஆரம்பிப்பார்.

தெருவில் அவருக்கு வைரஸக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. போனில் மட்டும் சேமித்து வைத்திருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாய்வான அறைதான் கடை. உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்துகொண்டே வரும். கடைசி மேசைக்கு அக்காவே குனிந்துதான் போவார். ஏழெட்டுக் கணினிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது அவற்றின் விசிறிச் சத்தம் ஒன்றாகச் சேர்ந்து, மூடிய சன்னலுக்கு வெளியே மழை பெய்வதுபோல் கேட்கும். நல்ல வெயிலில் உள்ளே நுழைந்தாலும் மழைக்கு ஒதுங்கியது போலத்தான் இருக்கும்.

அவர் வேலையில் பாதி காத்திருப்பது. திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக எறும்பு மாதிரி நகரும். கோட்டுக்குக் கீழே அந்த வீட்டுக் கோப்புகளின் பெயர்கள் வந்து வந்து மறையும். 'பாப்பா பள்ளி முதல் நாள்.' 'விண்ணப்பம் சரியானது.' 'விண்ணப்பம் மிகச் சரியானது.' 'மாமா அனுப்பியது, பார்க்கவும்.' கன்னத்தில் கைவைத்து அக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று, தூக்கத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல. ஆனால் ஒன்றையும் திறக்க மாட்டார். இத்தனை வருடத்தில் ஒரு படத்தைக்கூடத் திறந்ததில்லை. "பேர் கண்ணுல பட்டா அது என் தப்பில்ல. தொறந்தா என் தப்பு" என்பார்.

எந்த வைரஸ் என்று அவர் எழுதி வைப்பதும் இல்லை. "தினம் ஒரு பேர் வைக்கிறாங்க, யாரு ஞாபகம் வச்சுக்கறது?" அதற்குப் பதிலாகக் கணினியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவார். வைரஸ் உள்ளே வந்தபோது அந்த வீட்டுக்காரர் எதற்கு ஆசைப்பட்டார், எதற்குப் பயந்தார் என்று அதில் இருக்கும். 'பூப்போட்ட எழுத்து வேணும்.' 'புதுப்படம், காசில்லாம.' 'வேலை கிடைச்சிருச்சுன்னு கடிதம்.' 'உங்க கணினியில முப்பத்தேழு வைரஸ்னு மிரட்டிச்சு.' எல்லாவற்றையும்விட அதிகமாக வரும் சீட்டு ஒன்று உண்டு: 'புதுப்பிக்கச் சொல்லிச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்.' சரிசெய்து அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் சுவர் நாட்காட்டியில் ஒரு புள்ளி வைப்பார். அவர் எண்ணிப் பார்த்த வகையில், சரியாகிப் போகிற பத்தில் நாலு அதே வருடத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

எதிரில் சாவி வெட்டுகிறவர் கடை. அங்கிருந்து தினமும் ஒரு குரல் வரும்.

"என்னக்கா, இன்னைக்கு எத்தன பேருக்குக் காய்ச்சல்?"

"உங்க தொழில் மாதிரிதாண்ணே. பூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரங்களே தொறந்து விட்டா பூட்டு என்ன செய்யும்?"

நாட்காட்டியில் ஒருவருக்கு மட்டும் ஒரே வருடத்தில் ஐந்து புள்ளிகள். லிப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கணினியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். ஐந்து முறையும் ஒரே சீட்டுதான்: 'தெரியாத பேர்ல கடிதம் வந்துச்சு. தொறந்தேன்.'

ஆறாவது முறை வந்தபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐயா, எத்தன தடவ சொன்னேன்? தெரியாத ஆள் அனுப்பினா தொறக்காதீங்கன்னு. இதுவரைக்கும் வந்ததெல்லாம் சில்லறைத் திருடன். இன்னொரு வகை இருக்கு. அது வந்தா எல்லாத்தையும் பூட்டிட்டுப் போயிடும். உள்ள இருக்கற ஒரு படம், ஒரு கடிதம் மிஞ்சாது."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "படமெல்லாமாம்மா?"

"எல்லாமும்."

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அச்செடுத்த கடிதம். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப்போன மகள் பதினோரு மாதத்துக்கு முன் கடைசியாக எழுதியது. இரண்டே வரி. 'அப்பா, இந்த மின்னஞ்சல் முகவரியை மூடப்போறேன். புது முகவரியிலிருந்து எழுதறேன்.'

"எந்தப் பேர்ல எழுதுவாளோ தெரியலம்மா. அப்ப தெரியாத பேரெல்லாம் அவளா இருக்கலாம்ல?"

"அதுக்காக? 'உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கு'ன்னா உங்க பொண்ணு எழுதுவா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "நீ அவளப் பாத்ததில்ல. எழுதினாலும் எழுதுவா." பிறகு துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் வேலை பாத்தேன். உள்ள மாட்டிக்கிட்டா அடிக்கறதுக்கு ஒரு மணி இருக்குமே, அது பத்து தடவ அடிச்சா ஒம்போது தடவ பசங்க விளையாட்டு. எனக்கும் தெரியும். ஆனா மேல ஏறிப்போய்க் கதவத் தொறந்து பாக்காம ஒருநாளும் நான் திரும்பினதில்லம்மா."

பச்சைக் கோடு பாதி வழியில் நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. அக்கா எழுதி வைத்திருந்த சீட்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பெரியவரைக் கூப்பிட்டு இரண்டு கணினிப் பெட்டிகளைக் காட்டினார். ஒன்று அவருடையது. சுத்தமாகிவிட்டது. அதிலிருந்த மகளின் படங்களையும் பழைய கடிதங்களையும் இரண்டு வட்டுகளில் எடுத்து, ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒன்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பெட்டி இனிமே இணையம் பக்கமே போகக்கூடாது. படம் பாக்க மட்டும்."

இரண்டாவது, உடைத்து விற்க வைத்திருந்த ஒரு பழைய பெட்டி. மூடியில் விரிசல்.

"இதுல ஒண்ணுமே கிடையாது. திருட வர்றவன் துண்ட விரிச்சு உக்காந்துட்டு எழுந்து போக வேண்டியதுதான். கடிதம் பாக்கறதுக்கு மட்டும் இது. வேற ஒரு வேலையும் இதுல செய்யாதீங்க. யார் பேர்ல வந்தாலும் தொறங்க. சனிக்கிழமை கொண்டாங்க, தொடச்சு, கடவுச்சொல்ல மாத்திக் கொடுக்கறேன்."

"எல்லாத்தையும் தொறக்கலாமாம்மா?"

"எல்லாத்தையும் தொறங்கய்யா."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் துண்டில் சுற்றிய பெட்டி தெருவைக் கடந்து வருகிறது. சாவி வெட்டுகிறவர் விடுவதில்லை. "என்ன பெரியவரே, பிள்ளையக் குளிப்பாட்டவா?" "ஆமாப்பா, ஒரே அழுக்கு" என்று பெரியவரும் சிரித்தபடி படியில் உட்கார்ந்துவிடுவார். வாரத்துக்கு நாற்பது கடிதங்கள் தேறும். பரிசு, பார்சல், மிரட்டல், முகம் தெரியாத ஒருத்தியின் அன்பு. எல்லாவற்றையும் பெரியவர் திறந்திருப்பார். பெட்டி தள்ளாடிக்கொண்டுதான் கடைக்கு வரும்.

போன சனிக்கிழமை அக்கா அதைக் கடைசி மேசைக்குக் கொண்டுபோனார். துடைக்கிற வட்டைச் செருகினார். திரை கேட்டது: 'எல்லாம் அழிந்துவிடும். சரியா?' அவர் விரல் விசைக்கு மேலேயே நின்றது. பிறகு 'வேண்டாம்' என்று அழுத்தினார். வாசலைப் பார்த்தார், பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் கோப்பு ஒன்றையும் திறக்காத அக்கா, தாழ்ந்த கூரைக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கடிதத்தைத் திறந்தார். படிக்கவில்லை. நேராகக் கீழே போய், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும். நாற்பத்தொன்றும் முடிந்த பிறகு மறுபடி முதல் கடிதத்துக்குப் போனார்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். அப்பா லிப்ட் வேலை பார்த்தார் என்று சொல்லும் ஒரு பெண்ணின் காதில் விழும்வரை. எந்தப் பெயரில் எழுதினாலும் பரவாயில்லை. அங்கே திறப்பார்கள்.